தூக்க மாத்திரைக்கு முன் கல்லீரலைக் கவனியுங்கள்

“அப்பா இரவெல்லாம் விழித்திருக்கிறார். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிகிறார். ஒரு தூக்க மாத்திரை கொடுத்தால் என்ன?” கல்லீரல் நோயுள்ள பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால், இரவும் பகலும் இப்படி இடம் மாறியதற்கே கல்லீரல் காரணமாக இருக்கலாம்.

நாம் சாப்பிடும் உணவு குடலில் செரிக்கும்போது அமோனியா உண்டாகிறது. நலமான கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். ‘சிரோசிஸ்’ எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் வந்தவர்களுக்கு இந்த வேலை சரியாக நடப்பதில்லை. கழிவு இரத்தத்தில் தங்கி மூளையைப் பாதிக்கிறது. அதன் தொடக்க அறிகுறிகளில் ஒன்றுதான் தூக்கம் தலைகீழாவது. பிறகு மறதி, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல், கையை நீட்டினால் படபடவென்று ஆடுவது எனத் தொடரும்.

இந்த நிலையில் தூக்க மாத்திரை கொடுத்தால், ஏற்கெனவே மந்தமாகியிருக்கும் மூளை இன்னும் மந்தமாகும். நினைவிழக்கும் நிலைக்கும் கொண்டு போகலாம். இவருக்குத் தேவைப்படுவது தூக்க மாத்திரையல்ல. பெரும்பாலும் ‘லேக்டுலோஸ்’ என்னும் பானமருந்து. நாளொன்றுக்கு 2 அல்லது 3 முறை மலம் இளக்கமாகப் போகும்படி அதன் அளவை மருத்துவர் சரிசெய்வார். கல்லீரல் சுருக்க நோயாளிக்கு மலச்சிக்கல் சாதாரண விஷயமல்ல என்பதும் இதனால்தான்.

கல்லீரலில் குறையுள்ள எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. கொழுப்புக் கல்லீரல் மட்டும் உள்ளவர், கல்லீரல் நன்றாக இயங்கும் ஹெபடைடிஸ் பி நோயாளி ஆகியோருக்கு மருத்துவர் பல மருந்துகளை வழக்கம்போலவே தர முடியும். வயிற்றில் நீர் கோத்தவர், மஞ்சள் காமாலை உள்ளவர், இரத்த வாந்தி எடுத்தவர் ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம். நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 1989-இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

தூக்க மருந்துகள் கல்லீரல் நோயாளியின் உடலில் என்ன செய்யும்? சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையின் அளவு, நலமானவர் இரத்தத்தில் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். கல்லீரல் சுருங்கியவருக்கு அதற்குச் சராசரியாக 10 மணி நேரம் ஆகிறது. நேற்றிரவு போட்ட மாத்திரை தீர்வதற்குள் இன்றிரவு மாத்திரை சேர்ந்துவிடும். டயசிபாம் இயல்பாகவே நாள் கணக்கில் உடலில் தங்கும் மருந்து. கல்லீரல் கெட்டால் இன்னும் நீளும். சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்பெனிராமினை ‘தூக்கம் வருகிறதே’ என்று தினமும் போடுவதும் இதே வகைத் தவறு. பாட்டிக்குக் கொடுத்த மாத்திரையை அப்பாவுக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு.

மனச்சோர்வு மருந்துகளின் கதை வேறு. நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளிடம் மனச்சோர்வு பரவலாகக் காணப்படுகிறது. அதற்குச் சிகிச்சை தேவை. ஆனால் மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். டுலோக்செட்டின், அகோமெலாட்டின் ஆகிய இரண்டும் கல்லீரல் நோயாளிகளுக்கு ஏற்றவையல்ல. எஸ்சிடலோபிராம் தருவதென்றால் நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. செர்ட்ரலினையும் பாதிப்பு லேசாக இருந்தால் மட்டுமே, குறைந்த அளவில் தருவார்கள். இந்த இரண்டும் இரத்தக் கசிவு வாய்ப்பைச் சற்றுக் கூட்டுபவை. இவற்றோடு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் ஆபத்து கூடும். அமிட்ரிப்டிலின் மயக்கத்தையும் மலச்சிக்கலையும் சேர்த்தே தரும்.

மருந்துக் கடையில் விற்றதாலேயே ஒரு மருந்து கல்லீரலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. நெஃபாசொடோன் என்ற மனச்சோர்வு மருந்து 1994-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்குக் கல்லீரல் முற்றிலும் செயலிழந்ததால் 2002-இல் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 2004-இல் அதைத் தயாரித்த நிறுவனமே அங்கு விற்பனையை நிறுத்தியது.

“அப்படியானால் இயற்கை மருந்து?” தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் நம்மவர்கள் நம்பி வாங்குவது அமுக்கரா, அதாவது அசுவகந்தா. அசுவகந்தாவால் ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பு பற்றி இந்திய மருத்துவர்கள் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அதை மட்டும் உட்கொண்டு பாதிக்கப்பட்ட 8 பேரில் 5 பேருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது. அவர்களில் 3 பேர் இறந்துபோனார்கள். அமுக்கரா சாப்பிடும் எல்லாருக்கும் இப்படி ஆகும் என்பதல்ல. ஏற்கெனவே கெட்டுப்போன கல்லீரலில் சோதித்துப் பார்க்கக்கூடாது என்பதே பாடம்.

ஜோர்ஜ்டவுனில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. கல்லீரலுக்கு ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனை; தூக்கமில்லை என்றால் வீட்டுப் பக்கத்துத் தனியார் கிளினிக். இங்குள்ள கோப்பு அங்கே தெரியாது. ஆகவே தகவலைச் சுமந்து போக வேண்டியது நாம்தான். இப்படிச் செய்யலாம்:

• எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். சூரணம், லேகியம், சத்து மாத்திரையும் அதில் சேரட்டும்.

• கிளினிக்கில் தரும் பொட்டலத்தில் மருந்தின் பெயர் இல்லையென்றால் எழுதித் தரக் கேளுங்கள்.

• “இவருக்குக் கல்லீரல் நோய்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கடைசி இரத்தப் பரிசோதனை முடிவையும் காட்டுங்கள்.

• நீர் மாத்திரையை மாலையில் போட்டால் இரவில் எழுந்துகொண்டே இருப்பார். காலையில் போடலாமா என்று கேளுங்கள். இரவு அரிப்பு, மாலைத் தேநீர், பகல் தூக்கம் ஆகியவற்றையும் சொல்லுங்கள். சில நேரம் இவற்றைச் சரிசெய்தாலே போதும்.

• ஏற்கெனவே போடும் தூக்க அல்லது மனச்சோர்வு மாத்திரையைப் பயந்துபோய்த் திடீரென நிறுத்தாதீர்கள். அதுவும் ஆபத்து. படிப்படியாகக் குறைக்க மருத்துவர் வழி சொல்வார்.

• மது எந்த அளவிலும் வேண்டாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம்.

குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், கறுப்பு மலம், இரத்த வாந்தி இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள். தவறான மருந்தையோ அதிக அளவையோ சாப்பிட்டிருந்தால், மருத்துவர்கள் ஆலோசனை பெற மிண்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையம் இருக்கிறது. நோயாளியோடு மருந்து அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மனம் தாங்கமுடியாமல் தவிப்பவர்கள் சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் எண்ணை அழைத்துப் பேசலாம்.

அடுத்த முறை அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது, அவர் எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று ஒரு வாரக் கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். எந்த மாத்திரை வேண்டும், அல்லது மாத்திரையே வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த ஒரு தாள் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.