எடை குறைந்தது, பாதை எங்கே?

மூங்கில் கம்பு ஒன்று. பழைய சேலை ஒன்று. தோள் கொடுக்க நாலு பேர். தர்மபுரி ஜில்லாவின் மலை ஊர்களில் நெடுங்காலமாக ஆம்புலன்ஸ் என்பது இதுதான்.

சேலையின் இரு முனைகளையும் கம்பில் முடிந்து, நடுவே நோயாளியைக் கிடத்துவார்கள். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணாக இருக்கலாம். பாம்பு கடித்த சிறுவனாக இருக்கலாம். இடுப்பு ஒடிந்த கிழவராக இருக்கலாம். கல்லும் முள்ளும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் இருவர் சுமப்பார்கள். தோள் மாற்றுவதற்காக இன்னும் இருவர் கூடவே ஓடிவருவார்கள். அடிவாரத்துத் தார்ச் சாலை கண்ணில் படும்வரை இந்த ஓட்டம் நிற்காது. "தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள்" என்று மறுநாள் பத்திரிகையில் செய்தி வரும்.

தொட்டில் என்ற சொல் பொருத்தமானதே. இதே மாதிரிச் சேலைதான் வீட்டு விட்டத்தில் குழந்தைக்குத் தூளியாகத் தொங்குகிறது. கம்பை உருவிவிட்டு மடித்தால் கக்கத்தில் அடங்கிவிடும். குழந்தைக்கு அது கட்டில், நோயாளிக்குப் பல்லக்கு, இரண்டுக்கும் வேலை இல்லாதபோது உடுத்தும் துணி. மடக்கும் நாற்காலி, மடக்கும் குழந்தை வண்டி என்று மேல்நாட்டார் பேடன்ட் வாங்கிய சாமான்களுக்கெல்லாம் மூத்தது இந்தச் சேலை.

அந்தச் சாமான்கள் இன்று உலகெங்கும் பரவிவிட்டன. எடையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்படியிருந்தும் மலை ஊர்களில் சேலைக்கு ஏன் ஓய்வு கிடைக்கவில்லை? விஞ்ஞானம் தோற்றுவிட்டதா? இல்லை. விஞ்ஞானம் தன் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டது. பாக்கி இருப்பது வேறு வேலை.

சேலைக்குள் புகுந்த ரசாயனம்

முதலில் அந்தச் சேலையையே கவனிப்போம். பாட்டி காலத்தில் அது பருத்தி நூல் சேலை. இப்போது பல வீடுகளில் தூளி கட்டுவது பாலியெஸ்டர் சேலையில். கட்டும் கயிறு நைலான். அதாவது, யாரும் சொல்லாமலேயே பாலிமர் ரசாயனம் மலை ஏறிவிட்டது!

பாலிமர் என்பது என்ன? பூக்கட்டுகிறவர் ஒவ்வொரு மொட்டாக எடுத்துத் தொடுத்துச் சரம் ஆக்குகிறார் அல்லவா? அதுபோலச் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாவதே பாலிமர். பருத்தியும் இயற்கை கோத்த சரம்தான். ரப்பரும் அப்படியே. இந்த உண்மையை 1920-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஸ்டாடிங்கர் எடுத்துச் சொன்னபோது, பெரிய பண்டிதர்கள் நம்ப மறுத்தார்கள். 1953-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இயற்கை செய்வதை மனிதனும் செய்தான். 1935-ல் அமெரிக்காவில் கரோதர்ஸ் நைலானைக் கண்டுபிடித்தார். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்ற இருவர் பாலியெஸ்டர் நூலை உருவாக்கினார்கள். 1953-ல் ஜெர்மனியின் ஸீக்லர், அதிக அழுத்தம் இல்லாமலே உறுதியான பாலிதீன் தயாரிக்க வழி கண்டார். அடுத்த ஆண்டே இத்தாலியின் நட்டா பாலிப்ரொபிலீனைச் சீரான சரமாகக் கோத்துக் காட்டினார். 1963-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தண்ணீர்க் குடம், சாக்குப் பை, கல்யாண வீட்டு நாற்காலி எல்லாம் இந்த வம்சத்துப் பிள்ளைகளே.

எந்த வசதியும் ஓர் ஆபத்தைக் கூட்டிக்கொண்டுதான் வரும். பாலியெஸ்டர் மக்காது, சீக்கிரம் காயும், பாரம் தாங்கும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, எளிதில் கிழியாது. சேலைத் தூளியில் விளையாடிய சிறுவர் சிறுமியர் கழுத்து இறுகி மாண்ட செய்திகளைத் தமிழ்நாட்டில் அடிக்கடி படிக்கிறோம். முறுக்கிச் சுற்றி விளையாடும் வயது வந்த பிள்ளைகளைத் தூளியின் அருகே தனியே விடக்கூடாது. குழந்தை எழுந்ததும் தூளியை அவிழ்த்துவிடுவது அல்லது எட்டாத உயரத்தில் முடிந்து வைப்பது நல்லது. தூளியை மடக்க முடியும் என்பதன் பலனே அதில்தான் இருக்கிறது.

மடக்கும் வித்தை

மேல்நாட்டில் மடக்கும் வித்தை எப்படிப் பிறந்தது? அங்கும் ஒரு குடும்பத்தின் அவஸ்தைதான், ஒரு நண்பரின் அவஸ்தைதான் காரணம்.

ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவர் அமெரிக்கச் சுரங்க இன்ஜினீயர். சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்து நடக்க முடியாமல் போனார். அந்தக் காலத்துச் சக்கர நாற்காலி மரமும் இரும்புமாகப் பெரும் பாரம்; மோட்டாரில் ஏற்ற முடியாது. அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் ஓர் இன்ஜினீயர். 1933-ல் இருவருமாகச் சேர்ந்து எஃகுக் குழாயில் ஒரு நாற்காலி செய்தார்கள். இருக்கைக்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரி இரு குறுக்குச் சட்டங்கள். இருக்கையோ மடியும் துணி. நடுவில் பிடித்துத் தூக்கினால் போதும். இரண்டு சக்கரங்களும் ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் காணும் மடக்கும் நாற்காலி இதன் வாரிசுதான்.

குழந்தை வண்டியின் கதையும் சுவையானது. இங்கிலாந்தின் ஓவன் மக்லாரன் விமான இன்ஜினீயர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக் கால்களை வடிவமைப்பதில் பங்குகொண்டவர். மேலே எழும்பியதும் அந்தக் கால்கள் மடங்கி விமானத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பிற்காலத்தில் பேரக் குழந்தையைத் தள்ளுவண்டியோடு இழுத்துக்கொண்டு மகள் படும் பாட்டைப் பார்த்தார். விமானத்துக்குத் தெரிந்த வித்தை குழந்தை வண்டிக்குத் தெரியக் கூடாதா என்று எண்ணினார். 1965-ல் அலுமினியக் குழாயும் துணியும் கொண்டு, குடை போல் மடங்கும் வண்டியைச் செய்தார். எடை சுமார் 6 ராத்தல். மூன்று கிலோவுக்கும் குறைவு!

மடங்கும் இடத்தில் கீல் இருக்கும். கீல் இருக்கும் இடத்தில் விரல் சிக்கும். 2009-ல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் மடக்கு வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதே காரணம். கீலுக்கு உறை போட்ட பிறகே பிரச்னை தீர்ந்தது. அழகாக மடங்கினால் மட்டும் போதாது, கேடு செய்யாமல் மடங்கவேண்டும் என்று உலகம் பாடம் கற்றது.

3 கிலோவும் 300 கிராமும்

போர் விமானத்தின் வித்தை குழந்தை வண்டிக்கு வந்தது போல், ஏவுகணையின் வித்தை குழந்தைகளின் காலுக்கு வந்த கதை நம் நாட்டிலேயே உண்டு. அதற்குக் காரணமானவர் ஒரு தமிழர்.

பின்னாளில் ஜனாதிபதியான அப்துல் கலாம், அப்போது ஹைதராபாத்தில் ஏவுகணை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த எலும்பு முறிவு டாக்டர் ஒருவர் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார். அங்கிருந்த கலப்புப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தார். உறுதியான பொருள், ஆனால் பஞ்சு போன்ற எடை. உடனே கலாமைத் தம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்புக் காலிப்பர்களை மாட்டிக்கொண்டு, குழந்தைகள் கால்களை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். இவர்களின் வேதனையை நீக்குங்கள் என்று டாக்டர் கேட்டார்.

மூன்றே வாரத்தில் புதிய காலிப்பர் தயாராயிற்று. எடை 300 கிராம். பத்தில் ஒரு பங்கு! போலியோவால் கால் சூம்பிய குழந்தைகள் அதை மாட்டிக்கொண்டு நடந்ததைக் கண்டது தம் வாழ்வின் பெரிய ஆனந்தங்களில் ஒன்று என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

எடை குறைப்பு அதோடு நிற்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. உட்கார்ந்தபடியே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' நாற்காலி 2019-ல் அங்கிருந்து வந்தது. 2025-ல் 9 கிலோ எடையே உள்ள சக்கர நாற்காலி ஒன்றை அது வெளியிட்டது.

தரையைப் பார்த்த கால்

ஆனால் எடை ஒன்றே எல்லாம் அல்ல. இதை உணர்த்தியது ஜெய்ப்பூர் கால்.

1968 வாக்கில் ஜெய்ப்பூரில் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். அதற்கு முன் கிடைத்த செயற்கைக் கால் பூட்ஸ் அணிந்து நாற்காலியில் உட்காரும் மனிதனுக்காகச் செய்யப்பட்டது. நம் விவசாயி வெறுங்காலோடு நடப்பவர்; சேற்றில் இறங்குபவர்; தரையில் சம்மணம் போட்டு உண்பவர்; குந்தி உட்காருபவர். அந்தக் காலால் இதில் ஒன்றையும் செய்ய முடியாது. சேத்தியும் சர்மாவும் மனிதன் மிதிக்கும் தரையை முதலில் பார்த்தார்கள். ரப்பரால் பாதம் செய்தார்கள். பின்னர், தண்ணீர்க் குழாய் செய்யும் அதே வகை பாலிதீனைச் சூடாக்கி முழங்கால் கீழ்ப்பகுதிக்கு உறையாக்கும் முறை வந்தது. 1981-ல் சேத்திக்கு மகஸேஸே விருது கிடைத்தது.

இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு தர்மபுரியைப் பார்ப்போம்.

எலும்பைத் தாக்கிய தண்ணீர்

ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் இந்த ஜில்லாவுக்கு ஆடம்பரம் அல்ல. இங்கே நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாது என்பது உலகக் கணக்கு. அத்தகைய நீரைப் பல்லாண்டுகள் குடித்தால் முதலில் பல் கறை படியும். பிறகு மூட்டுகள் விறைக்கும், முதுகு வளையும், சிலருக்குக் கால் எலும்பு கோணும். வந்த பின் குணமாக்க மருந்து இல்லை. வராமல் தடுப்பதே வழி.

அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் வழியாகத் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. இளைய தலைமுறையின் எலும்பு தப்பிக்க இது துணை. ஆனால் அதற்கு முன்பே மூட்டு விறைத்துப்போனவர்கள்? அவர்களுக்கு வேண்டியது பிடித்து நடக்க ஒரு துணை. உட்கார்ந்து செல்ல ஒரு வண்டி.

சர்க்கார் கொடுக்காமல் இல்லை. மத்திய சர்க்காரின் உபகரண உதவித் திட்டம் 1981 முதல் இருக்கிறது. கான்பூரில் 1972-ல் ஏற்பட்ட பொதுத்துறை ஸ்தாபனம் இந்த உபகரணங்களைச் செய்து வருகிறது. ஜில்லா தோறும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உண்டு. முகாம் போட்டு அளவெடுத்துக் கொடுக்கிறார்கள்.

சங்கடம் முகாம் முடிந்த மறுநாள் ஆரம்பமாகிறது. மடக்கும் நாற்காலியின் முன் சக்கரங்கள் சிறியவை; சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும், சரளைக் கல்லில் சிக்கிக்கொண்டு நிற்கும். பாதுகாப்புக் கலவை சேராத பிளாஸ்டிக் நாள்பட்ட வெயிலில் நொறுங்கும். இரும்பு ஒடிந்தால் ஊர்க் கொல்லர் ஒட்டிவிடுவார். காலிப்பர் வெடித்தால் அவரால் என்ன செய்ய முடியும்? அதைவிட முக்கியம், குழந்தை வளர்கிறது, காலிப்பர் வளர்வதில்லை! வளரும் காலுக்கு ஏற்ப மறுபடி மறுபடி அளவெடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஜில்லாத் தலைநகருக்கு வா என்றால், மலையிலிருந்து அந்தக் குழந்தை எதில் வரும்? சேலையில்தான் வரும்!

பாதை எங்கே?

பென்னாகரம் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது கோட்டூர் மலை. 2021 தேர்தலின்போது வாக்குப்பதிவு யந்திரங்கள் அங்கே கழுதை முதுகில் ஏறிப் போயின. ஓட்டுக்கு யந்திரம் போக வேண்டும் என்றால் கழுதை கிடைக்கிறது. பிரசவத்துக்குப் பெண் இறங்க வேண்டும் என்றால் சேலைதான் கிடைத்தது.

பாதை போடக் காடு குறுக்கே நிற்கிறது என்பது வழக்கமான சமாதானம். காட்டைக் காப்பது அவசியமே. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. பள்ளிக்கூடம், மருந்தகம், சாலை போன்ற தேவைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தை, கிராம சபையின் சிபாரிசோடு ஒதுக்கலாம். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக்கூடாது. இதே ஜில்லாவில் வத்தல்மலைக்குச் சாலை ஏறியிருக்கிறது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

சாலை ஒரு பாதி. மறுபாதி, பழுது பார்க்கும் பட்டறை. ஒன்றியத்துக்கு ஒரு சிறு பட்டறை. பிளாஸ்டிக்கைச் சூடாக்கும் ஓர் அடுப்பு. அளவெடுக்கப் பழகிய ஓர் ஊழியர். மாதம் ஒரு நாள் மலை ஊருக்கு அவரே போய் வர ஒரு வாகனம். ஏவுகணை செய்யத் தெரிந்த நாட்டுக்கு இது பெரிய காரியமா?

மூன்று கிலோவை 300 கிராம் ஆக்க மூன்று வாரம் பிடித்தது. ஒரு மலைப் பாதைக்குப் பல தலைமுறை பிடிக்கிறது. முன்னது ரசாயனம், பின்னது நிர்வாகம். எடையைக் குறைத்த விஞ்ஞானி கடமையைச் செய்துவிட்டார். இனிச் செய்ய வேண்டியவர்கள் கோப்புகளின் முன்னால் அமர்ந்திருப்பவர்கள்.

மலை ஊர்ச் சேலைத் தொட்டிலில் குழந்தை மட்டுமே உறங்கும் காலம் வரட்டும்.