பேச அழைக்காமல் தெருவைப் பழிக்கலாமா?

மத்தியத் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் அதே புலம்பல் எழுகிறது: பேருந்து ஓடவில்லை, வங்கிப் பணிகள் முடங்கின, பொதுமக்களுக்கு இடையூறு. 2020 நவம்பர் 26, 2022 மார்ச் 28, 29, 2025 ஜூலை 9 என்று தேதிகள் மாறினவே தவிர, புலம்பல் மாறவில்லை. இடையூறு உண்மைதான். சங்கங்கள் ஏன் தெருவுக்கு வந்தன என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அரசும் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பேச இந்தியத் தொழிலாளர் மாநாடு என்று ஓர் அவை இருக்கிறது. அதன் 46ஆவது அமர்வு 2015 ஜூலையில் நடந்தது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட அதைக் கூட்டாமலேயே 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளுக்குள் அடக்கிவிட்டார்கள். ஊதியத் தொகுப்பு 2019இல் நிறைவேறியது. மற்ற மூன்றும் பெருந்தொற்றுக் காலமான 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்திருந்த நேரத்தில் நிறைவேறின. ஐந்தாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்த நான்கும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன.

இந்தத் தொகுப்புகளில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டோம். எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம், குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை, உணவு விநியோகிப்போரும் செயலி வழி வாகனம் ஓட்டுவோரும் முதன்முறையாகச் சட்டத்தின் கண்ணில் பட்டது ஆகியவை வரவேற்கத்தக்கவை. ஆனால், ஒரு கையால் இவற்றைக் கொடுத்த அரசு, கேட்டுப் பெறும் வழியை மறு கையால் அடைத்திருக்கிறது.

தொழில் உறவுகள் தொகுப்பின் 62ஆம் பிரிவைப் பாருங்கள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ரயில், மின்சாரம், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியிருந்தது. இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் 14 நாள் அறிவிப்பு கட்டாயம். அந்த அறிவிப்பைப் பெற்று, சமரச அதிகாரி முதல் கூட்டத்தை நடத்திவிட்டால் சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கொள்ளப்படும். அது முடிந்து ஏழு நாள் வரை வேலைநிறுத்தம் கூடாது. விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போனாலோ, விசாரணை முடிந்து மேலும் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆக, அறிவிப்பு கொடுத்தால்தான் சட்டப்படி வேலையை நிறுத்தலாம். கொடுத்த பிறகு நிறுத்த விடாமல் செய்ய ஒரு கூட்டம் போதும். சரி, பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுக்கலாமா? அதுவும் வேலைநிறுத்தக் கணக்கில் சேர்ந்துவிடும். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குப் பழைய சட்டத்தில் அபராதம் 50 ரூபாய் வரை. இப்போது 1,000 முதல் 10,000 ரூபாய் வரை. ஒரு மாதம் வரை சிறையும் முன்போலவே உண்டு. வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கவில்லை என்கிறது அரசு. தாளில் அது இருக்கத்தான் செய்கிறது.

ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்துள்ளது. பணி விதிகளை வரையறுக்கும் நிலையாணைகளுக்கும் அதே 300தான். 299 பேர் வேலை செய்யும் ஆலை, அரசைக் கேட்காமலே ஆளைக் குறைக்கலாம்.

போராடி என்ன பயன் என்று சலித்துக்கொள்வோருக்குத் தமிழ்நாட்டிலேயே விடை உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 1918இல் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த மண் இது. ஆனாலும், 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமை கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க முடியாது.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்திவிட்டு மறுநாள் வழக்கம்போல் பணிக்குத் திரும்பும் சடங்கை எந்த அரசும் பொறுத்துக்கொள்ளும். ஒப்பந்தத் தொழிலாளியும், வீட்டுவேலை செய்யும் பெண்ணும், முதுகில் உணவுப் பை சுமக்கும் இளைஞரும் உங்கள் ஊர்வலத்தில் எத்தனை பேர்? ஒருநாள் சடங்குக்கு மாறாக, டெல்லி எல்லையில் விவசாயிகள் ஏறத்தாழ ஓராண்டு அசையாமல் அமர்ந்ததால்தான் 2021 நவம்பரில் வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது.

மத்திய அரசு இந்தியத் தொழிலாளர் மாநாட்டை உடனே கூட்ட வேண்டும். அதில் பேசி முடிக்கும்வரை 62ஆம் பிரிவையும் 300 பேர் வரம்பையும் நிறுத்திவைக்க வேண்டும். தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநில அரசும் தன் பங்குக்கு இந்தப் பிரிவுகளுக்கு எதிரான திருத்தத்தைச் சட்டப்பேரவையில் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும்.