யாரில் மூத்தவர்?

ஆடி பிறந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துப் பத்திரிகைகள் வரத் தொடங்கும். காதணி விழா, படத்திறப்பு என்று மற்ற அழைப்புகளும் உண்டு. உறவினர் பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி போட வேண்டிவரும்போது பலரும் ‘மிக’வைப் பிடித்துக்கொள்கிறார்கள்: ‘மிக மூத்த அப்பத்தா’, ‘மிகச் சிறந்த மாமா’.

‘மிக’ என்றால் அதிகம், அவ்வளவுதான். மிக மூத்தவர் என்றால் வயது நிறைய ஆனவர்; அவரைவிட மூத்தவர் அதே வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கலாம். ‘மூத்த’ என்ற சொல் இருவரில் ஒருவரைச் சொன்னாலும் ஐவரில் ஒருவரைச் சொன்னாலும் உரு மாறாது. எல்லாரையும் விஞ்சியவர் என்பதைச் சொல்வது அதற்கு முன்னால் வரும் கூட்டம்: ‘உடன்பிறந்த ஐவரில் மூத்தவர்’, ‘பங்காளிகள் எல்லாரிலும் மூத்தவர்’. எனவே அடைமொழியைத் தேடும் முன் கூட்டத்தை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

‘முதல்’ என்ற சொல்லுக்கும் இதே கதைதான். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை வெறுமனே ‘முதல் பெண்’ என்றால் எதுவும் விளங்காது. அவ்வூர் மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி, சென்னை மாகாணச் சட்ட மேலவையில் இடம்பெற்ற முதல் பெண் என்றால்தான் அவர் தாண்டிய வாசல்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. உங்கள் அத்தைக்கும் அப்படி எழுதலாம்: ‘எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவர்’.

தலைச்சன், கடைக்குட்டி போன்ற சொற்களுக்கு ‘மிக’ தேவையே இல்லை. வரிசையின் முனை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பெரியப்பாவோ அப்பாவுக்கு மூத்தவர் மட்டுமே. பெரியப்பாக்கள் மூவர் இருந்தால் தலைமகன் யார் என்று தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

குணத்தைச் சொல்லும்போதுதான் உண்மையான சிக்கல். வயதுக்குக் கணக்கு உண்டு, பாசத்துக்கு ஏது? ‘எல்லாரிலும் பாசமான மருமகள்’ என்று ஒருத்தியைப் பத்திரிகையில் போட்டால், அதே பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும் மற்ற இரு மருமகள்களும் அதைப் படிப்பார்கள். அந்த இடத்தில் ஒப்பீட்டை விட்டுவிட்டு அவர் செய்ததை எழுதுங்கள்: ‘மாமியார் படுக்கையில் கிடந்த நான்கு வருடமும் கூடவே இருந்தவர்’.