தெரு பொதுவானது, முகம் அப்படியல்ல

கோட்டுக்குள் கேமராவை மறைத்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸை வைத்து, 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயில் பயணிகளைப் படமெடுத்தார் வாக்கர் எவான்ஸ். யாரும் பார்க்கவில்லை என்று நம்பித் தளர்ந்த முகங்கள் அவை. அந்த நெருக்கம்தான் படங்களின் உயிர். ஆனால், அது அவர்கள் கொடுத்ததல்ல, இவர் எடுத்துக்கொண்டது. படங்கள் நூலாக வெளிவந்தது 1966இல்தான். அந்த இடைவெளி பயணிகளுக்கு ஓரளவு கவசமானது.

டோக்கியோ பூங்காக்களில் 1970களில் இரவில் கூடிய காதலர்களையும், அவர்களை ஒளிந்து பார்த்த ஆண்களையும் அகச்சிவப்புப் படச்சுருளில் பதிவுசெய்தார் கோஹேய் யோஷியுகி. 1979 கண்காட்சியில் அரங்கை இருட்டாக்கி, பார்வையாளர்கள் கையில் டார்ச் கொடுத்தார். பார்க்க வந்தவர்களும் ஒளிந்து பார்ப்பவர்களே என்று உணர்த்திய துணிச்சல் அது. ஆனாலும், அந்தக் காதலர்களிடம் யார் கேட்டார்கள்?

சட்டம் பெரும்பாலும் கலைஞர் பக்கமே நிற்கிறது. டைம்ஸ் சதுக்கத்தில் தனக்குத் தெரியாமல் புகைப்படக்காரர் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா எடுத்த தன் படம், தன் மத நம்பிக்கையைப் புண்படுத்துவதாக யூத முதியவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அது கலை என்று கூறி, 2006இல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இந்திய உச்ச நீதிமன்றமோ, பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்று 2017இல் தெளிவாகச் சொன்னது.

முன்கூட்டியே அனுமதி கேட்டால் இயல்பு கலைந்துவிடும் என்பது புகைப்படக்காரர்களின் வாதம். நியாயம்தான். ஆனால், எடுத்த பிறகு கேட்கலாமே! படத்தைக் காட்டலாம், வேண்டாம் என்றால் அழிக்கலாம். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. கார் கண்ணாடிக்குள் இருப்பவரை விட்டுவிட்டு, நடைபாதையில் உறங்குபவரையே நம் கேமராக்கள் தேடிப் போகின்றன. அவரால் வழக்குத் தொடுக்க முடியாது என்ற தைரியம் அதில் ஒளிந்திருக்கிறது.

எவான்ஸின் பயணிகளுக்குக் கிடைத்த கால இடைவெளியும் இன்று இல்லை. கடற்கரையில் தோள் சாய்ந்திருக்கும் இருவரின் படம், அடுத்த நிமிடமே உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். சாதி மாறிக் காதலித்ததற்காகப் பிள்ளைகளைக் கொல்லும் சமூகத்தில், ஓர் அழகான படம் உயிரைப் பறிக்கக்கூடும்.

உறங்குபவர், அழுபவர், காதலர், குழந்தை: இவர்களின் சம்மதம் இல்லாத படத்தை வெளியிடாதீர்கள். எவ்வளவு நல்ல படமானாலும், அதை இழப்பதால் கலை அழிந்துவிடாது.