ஒப்பந்தப்புள்ளியும் கரியமில வாயுவும்

அரசு மருத்துவமனை ஒன்றுக்கோ பள்ளிக் கட்டடம் ஒன்றுக்கோ ஒப்பந்தப்புள்ளிகள் வந்து சேர்ந்ததும், அவற்றைத் திறப்போர் முதலில் நோக்குவது தொகையையே. தகுதியுடையோருள் யார் குறைத்துக் கேட்டாரோ அவருக்கே பணி. வேண்டியவர்க்கு வேலையைத் தூக்கிக் கொடுக்கும் வழக்கத்துக்கு அணைபோட எழுந்த நெறி இது. அதனை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும் அத்தொகைக்குள் அடங்காத செலவு ஒன்று உண்டு. கட்டடம் தலைநிமிரும் முன்னரே காற்றில் கலந்துவிடும் கரியமில வாயுவே அது. அச்செலவையும் எடைபோட்டுப் பணியை வழங்கும் முறை நம் மாநிலத்திலும் வரவேண்டும் என்பது எம் கருத்து.

சிமெண்டின் பிறப்பை அறிந்தாலன்றி இக்கருத்து விளங்காது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டுக் 'கிளிங்கர்' என்னும் கட்டியைப் பெறுகின்றனர். அதனைப் பொடித்தால் சிமெண்டு. சூளையில் எரியும் நிலக்கரி மட்டுமே வாயுவைக் கக்குகிறது என்று எண்ணிவிடலாகாது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சிதைந்தால் அதில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்து போகிறது. சூளைக்குக் கதிரவனே வெப்பமூட்டினாலும் இப்பகுதி குறையாது. உலகில் மாந்தர் செயலால் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலினது. நம் முன்னோர் குழைத்த சுண்ணாம்புச் சாந்தும் சுட்டுப் பெற்றதே. எனினும் அது சுவரில் இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் உட்கொண்டே கல்லாகிறது. பழைமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பத்து மாடியைச் சுண்ணாம்பால் எழுப்ப இயலாது என்பதை நாமும் அறிவோம்.

கிளிங்கரின் பங்கைக் குறைப்பதே எளிய வழி. அனல்மின் நிலையச் சாம்பலை 35 விழுக்காடு வரையிலும், இரும்பு உலைக் கசடை 70 விழுக்காடு வரையிலும் சிமெண்டில் கலக்க இந்தியத் தர நிர்ணயங்கள் இடமளிக்கின்றன. சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்துச் செய்யும் புதுவகைச் சிமெண்டுக்கு 2023இல் தர நிர்ணயம் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தோடு சென்னை, தில்லி ஐ.ஐ.டி.க்களும் அவ்வாராய்ச்சியில் தோள் கொடுத்தன. வழக்கமான சிமெண்டை நோக்க இதில் வெளியாகும் வாயு 30 முதல் 40 விழுக்காடு குறைவு. ஆகவே அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒப்பந்ததாரர் இதனை ஏன் நாட வேண்டும்? சாம்பலோ கசடோ மிகுந்த கான்கிரீட்டு மெல்ல மெல்லவே வலுப்பெறும். சென்ட்ரிங் பிரிக்கச் சில நாள் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். காலம் தாழ்ந்தால் தண்டம். காற்றைக் காத்தால் ஒரு காசும் இல்லை. இந்நிலையில் அவரைப் பழிப்பது முறையன்று.

இதற்கு நெதர்லாந்து கண்ட வழி சிந்திக்கத் தக்கது. அந்நாட்டு இருப்புப்பாதை நிறுவனமான புரோரெயில், 2009இல் 'கரியமில வாயுச் செயல்திறன் ஏணி' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. தொடக்கத்தில் ஐந்து படிகள் கொண்டிருந்த அவ்வேணியில் ஏறி, சார்பற்ற தணிக்கையாளரிடம் சான்று பெற்ற நிறுவனத்துக்கு, ஒப்பிடும்போது மட்டும் விலையில் கற்பனைத் தள்ளுபடி வழங்கப்படும். காட்டாக, சான்றில்லாதவர் 10 கோடி கேட்கிறார்; சான்றுடையவர் 10 கோடியே 30 இலட்சம் கேட்கிறார் என்று கொள்வோம். தள்ளுபடி 5 விழுக்காடு எனின், பின்னவர் தொகை ஒப்பீட்டில் 9 கோடியே 78½ இலட்சமாகும். பணி அவருக்கே, கையில் பெறுவதோ தாம் கேட்ட முழுத் தொகை. அந்த 30 இலட்சத்துக்கு ஈடாகக் காற்று எவ்வளவு காக்கப்பட்டது என்று வரி செலுத்துவோர் கேட்பின், ஏணி நேர்விடை தராது. அது நிறுவனத்தின் நடத்தையை அளக்கிறதேயன்றி, எழும் கட்டுமானத்தை அளப்பதில்லை.

அந்நாட்டு நெடுஞ்சாலைகளையும் நீர்வழிகளையும் பேணும் அரசுத் துறை கையாளும் மற்றொரு முறையே எமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. பொருளைத் தோண்டி எடுப்பது முதல் இடித்து அகற்றுவது வரை நேரும் சூழல் கேட்டையெல்லாம் யூரோவில் மதிப்பிடுகின்றனர். கரியமில வாயு டன் ஒன்றுக்கு 50 யூரோ என நெடுநாள் கணக்கிட்டு வந்தனர். கேடு குறைந்த அளவுக்கே ஒப்பீட்டில் சலுகை. முடிவில் சொன்ன சொல்லைக் காவாதவர்க்குத் தண்டம். பாலத்துக்கும் சாலைக்கும் வகுத்த முறைதான். எனினும் கான்கிரீட்டு எங்கும் கான்கிரீட்டே.

அமெரிக்காவின் கலிபோர்னியா 2017இல் இயற்றிய சட்டம் வேறு வகையது. அரசுப் பணிகளுக்கு வாங்கும் கட்டுமான எஃகு, கம்பி, கண்ணாடி, கனிமப் பஞ்சுப் பலகை ஆகியவற்றுக்கு வாயு வரம்பு விதித்தது. கான்கிரீட்டு அப்பட்டியலில் இல்லை! வீட்டுக்குக் கதவு வைத்துப் பூட்ட மறந்த கதைதான்.

நம் மாநிலத்துக்கு இதெல்லாம் பொருந்துமா என வினவுவோர் உண்டு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. வெறும் தொகையை மட்டுமே பார் என்று அச்சட்டம் கட்டளையிடவில்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்கூட்டியே அறிவித்த, அளவிடத்தக்க கூறுகளுக்கு உரிய எடை தந்து, அதன்படி குறைந்ததை ஏற்கவே அது சொல்கிறது. கரியமில வாயு டன்னில் அளவிடத்தக்கது. ஆவணத்தில் எழுதத் தக்கது. தடையாய் நிற்பது வழக்கமே.

சிறு ஒப்பந்ததாரர் நசிந்துபோவர் என்னும் அச்சம் புறந்தள்ளத் தக்கதன்று. சான்று பெறவும் கணக்கு வைக்கவும் பணம் வேண்டும். பெருநிறுவனங்களுக்கு அது பொருட்டன்று, ஊர்ப்புறத்தில் வகுப்பறை கட்டுவோர்க்குச் சுமை. ஆதலின் சிறு பணிகளில் சான்று கேட்கலாகாது. இன்ன சிமெண்டு என்று துறையே மதிப்பீட்டில் எழுதி, அதற்குரிய நாள்களையும் கூட்டித் தந்தால் போதும். பெரும் பணிகளுக்கே சலுகைக் கணக்கு. பொய்க் கணக்கு எழுதுவோர் தோன்றுவர் என்பதும் மெய்யே. கம்பியின் எடையிலும் அது நேர்வதுண்டு. அதற்காகக் கம்பியை எடைபோடுவதை எவரும் நிறுத்தியதில்லை.

அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் கட்டுமானப் பொருள்களில் சாம்பல் சேர்க்க வேண்டும் என மைய அரசு 1999இல் ஆணையிட்டது. அவ்வெல்லை பின்னர் 100 ஆகி, 2016இல் 300 கிலோமீட்டராக நீண்டது. ஆணையிட்ட அளவோடு நின்றுவிடுவது தொழில் செய்வோர் இயல்பு. ஊக்கம் தந்தால் அதற்கு மேலும் செல்ல வழியுண்டு. எம்போன்ற தனியார் கல்லூரிகள் அந்த 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டவையல்ல. எனினும் விடுதியோ நூலகமோ கட்ட விலைப்புள்ளி கேட்கும்போது, தொகைக்குப் பக்கத்தில் சிமெண்டின் வகையையும் கான்கிரீட்டின் வாயுக் கணக்கையும் எழுத ஒரு கட்டம் வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நிர்வாகக் குழுவினர் அடுத்த கட்டடத்துக்கேனும் அவ்வாறு கேட்பார்களாக.