செங்கண்மாரி எல்லாம் ஒன்றல்ல

சீனன்குடாவில் கைமாறிவரும் துண்டுப்பிரசுரத்தை முழுதாகப் படித்தேன். செங்கண்மாரிக்கு இரத்தப் பரிசோதனை வீண்செலவாம். கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தால் கீழ்காய்நெல்லியை அரைத்து மோரில் குடித்தால் தீருமாம். இது வைத்தியமல்ல, ஆளைக் கொல்லும் பேச்சு.

தன்னிடம் வந்தவர்கள் குணமானதைப் பிரசுரக்காரர் சான்றாகக் காட்டுகிறார். அழுக்குத் தண்ணீரால் வரும் ஹெப்படைடிஸ் ஏ பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். வெறும் மோரைக் குடித்திருந்தாலும் அவர்கள் எழும்பியிருப்பார்கள். அடுத்து, கீழ்காய்நெல்லி பற்றி 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதியதை இழுக்கிறார். அது ஹெப்படைடிஸ் பி கிருமியை நெடுங்காலம் சுமப்பவர்களைப் பற்றிய சிறு ஆய்வு. செங்கண்மாரிக்கு மருந்து சொன்னதே அல்ல. பின்னர் வேறிடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவும் இல்லை. அதை ஏன் மறைத்தார்?

சிறுநீரின் நிறமே போதும் என்கிறார். ஈரல் அழற்சியிலும் சிறுநீர் தேயிலைச் சாயமாய்க் கறுக்கும். பித்தக்குழாயைக் கல்லோ புற்றோ அடைத்தாலும் அப்படியே கறுக்கும். எந்தக் கண் இதைப் பிரிக்கும்? இரத்தப் பரிசோதனைதான் பிரிக்கும். கடும் அழற்சியில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி ஆயிரத்தைத் தாண்டும், அடைப்பில் அல்கலைன் பொஸ்படேஸ் என்ற நொதி மேலோங்கும். செங்குருதிக் கலங்கள் உடைவதால் வரும் மஞ்சளில் கூடுவது மறைமுக பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி. அது இரத்தப் புரதமான அல்புமினோடு ஒட்டிக்கிடப்பதால் சிறுநீரில் இறங்காது. நேரடி, மறைமுகம் என்ற இந்தப் பிரிப்பு 1916 முதல் வைத்தியர் கையில் இருக்கிறது.

செங்கண்மாரியோடு வரும் எலிக்காய்ச்சலை நினைத்தால்தான் கோபம் அடங்கவில்லை. தம்பலகாமத்து வயற்சேற்றில் நின்றுவிட்டு வருபவருக்குக் காய்ச்சல், கெண்டைக்காலைத் தொட்டாலே துடிக்கும் நோவு, சிவந்து மஞ்சளித்த கண். பிலிருபின் எங்கோ உயரத்தில் நிற்கும், எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் 200ஐத் தாண்டாது. இந்தப் பொருத்தமின்மைதான் வைத்தியரை உசுப்புகிறது. கூடவே கிரியேற்றினின் ஏறினால் சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது. பென்சிலின் தாமதமின்றி ஏற வேண்டும். 2008இல் மட்டும் இலங்கையில் 7000க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள். இவர்களுக்கு மோரா கொடுப்பது?

சித்தர் பேரைச் சொல்லவும் இவருக்கு உரிமையில்லை. நாடி, மலம், நீர் என்று எட்டு வகையில் தேர்ந்து, செங்கண்மாரியை, அதாவது காமாலையை, பல வகையாகப் பிரித்தது சித்த வைத்தியம். பார்த்தவுடன் ஒரே மருந்தை நீட்டச் சொன்னதில்லை.

அரச வைத்தியசாலையில் இந்தச் சோதனைகளுக்குக் கட்டணமும் இல்லை. பிரசுரத்தை அவர் திரும்பப் பெறட்டும். கொடுத்த வீடுகளுக்கெல்லாம் தானே போய், எழுதியது பிழை என்று சொல்லட்டும்.