இரண்டு இணைப்பு, ஒரே கம்பம்

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று தாம்பரத்துக்குக் கிழக்கே அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களில், 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்து காரியாலயங்கள் எல்லாம் படுக்கையறைக்குள் குடிபுகுந்த நாள் முதலாக, ஒரு வீட்டுக்கு இரண்டு இன்டர்நெட் இணைப்பு வைத்துக்கொள்ளும் வழக்கம் மெல்ல வேரூன்றிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஓ.எம்.ஆரில் உத்தியோகம், மகளுக்குப் பெங்களூர்க் கம்பெனி, பேரனுக்கு ஆன்லைன் டியூஷன். இத்தனை பேருடைய ஜீவனமும் வித்தையும் ஒற்றைக் கம்பியின் தயவில் இருப்பதைச் சகியாத கிரகஸ்தர்கள், கேபிள் டி.வி. நாளிலிருந்து தெருவைக் கைக்குள் வைத்திருக்கும் உள்ளூர்க் கேபிள்காரரிடம் ஒன்றும், விளம்பரப் பலகையில் சிரிக்கும் பெரிய கம்பெனியிடம் ஒன்றுமாக இரண்டு இணைப்பு வாங்கி, இரண்டுக்கும் மாதந்தவறாமல் பணம் கட்டி வருகிறார்கள். கட்டத் தொடங்கிய சில மாதங்களில் அவர்களுக்கு இயல்பாகவே ஓர் ஆசை பிறக்கிறது.

அரசாங்கக் கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற என் அண்டை வீட்டுக்காரர் அந்த ஆசையைத் தம் இலாகாவுக்கே உரிய சுத்தத்தோடு சொன்னார். "வேகத்துல இது ஒரு நூறு, அது ஒரு நூறு. ரெண்டும் ஒரே கம்ப்யூட்டருக்குத்தானே சார் வருது? ஏன் இருநூறு ஆகமாட்டேங்குது?" கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், இன்டர்நெட் என்ற ஏற்பாட்டின் ஆணிவேர்வரை போகிற கேள்வி இது. கம்பெனிகளின் உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால், ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் லான் கேபிளைச் செருகி, மறுபக்கம் வைஃபையையும் பிடித்துக்கொண்டால், இரண்டும் உயிரோடு இருப்பதாகத் திரை காட்டும். போக்குவரத்தோ சாதாரணமாக ஒன்றன் வழியாகவே நடக்கும். வெளியே போகிற ஒவ்வொரு டேட்டா பொட்டலத்துக்கும் எந்த வழி என்று தீர்மானிக்கக் கம்ப்யூட்டர் தன்னுள் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. விண்டோஸில் ஒவ்வொரு வழிக்கும் எதிரே 'மெட்ரிக்' என்று ஓர் எண் இருக்கும். எண் குறைந்த வழிக்கே முதல் மரியாதை. அந்த எண்ணைத் தானாக நிர்ணயிக்கும்போது அது கவனிப்பது, தனக்கும் பக்கத்து மேஜையிலுள்ள ரவுட்டருக்கும் இடையே உள்ள வேகத்தையே அன்றி, ரவுட்டருக்கு அப்பால் தெருவில் என்ன நிலவரம் என்பதை அல்ல. ஆகையால் ரவுட்டர் வரையில் ராஜபாட்டையாகவும், வாசலைத் தாண்டினால் ஒற்றையடிப் பாதையாகவும் இருக்கிற வழியையே அது மேலானது என்று தேர்ந்தெடுத்துவிடக் கூடும்.

ரிச்சி தெருவில் விற்கிற 'டூயல் வான்' ரவுட்டரை வாங்கி இரண்டு இணைப்பையும் அதில் செருகினால் காரியம் பாதி கைகூடும். பாதிதான் என்று சொல்வதற்குக் காரணம், அது சேர்ப்பதில்லை, பங்கிடுகிறது. மகளுடைய வீடியோ கூட்டத்தை இந்த வழியில் அனுப்பும், பேரனுடைய யூடியூபை அந்த வழியில் அனுப்பும். பத்துப் பேர் பத்துக் காரியம் செய்கிற வீட்டில் மொத்த வேகம் இருநூறை நெருங்குவது மெய்யே. ஆனால் ஒரே கூட்டமோ, ஒரே பெரிய ஃபைலோ, தனக்கு வாய்த்த ஒரே வழியில் நூறுக்குள்ளேயே அடங்கிப் போகும். இதில் வங்கிகளால் வருகிற தொல்லை வேறு: முதல் வேண்டுகோள் ஒரு கம்பெனியின் முகவரியிலிருந்தும் அடுத்தது இன்னொரு கம்பெனியின் முகவரியிலிருந்தும் வருவதைக் கண்ட வங்கித் தளம், நடுவில் யாரோ புகுந்துவிட்டதாக எண்ணி, ஓ.டி.பி. வாங்கிய மறுகணமே நம்மை வெளியே தள்ளிவிடுவதும் உண்டு.

உண்மையான சேர்க்கை ஒரு காலத்தில் நடைமுறையில் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது அந்த வசதி கிடைத்த முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. வேகமோ, இன்றைய பேரப்பிள்ளைகள் நம்ப மறுக்கிற வேகம். அதற்குப் பின் வந்த ஐ.எஸ்.டி.என். இணைப்பில் 64 கிலோபிட் கொண்ட இரண்டு சேனல்கள் இருந்தன. 'மல்டிலிங்க்' என்ற ஏற்பாட்டால் இரண்டையும் பிணைத்து 128 ஆக ஓட்டலாம், ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியே டெலிபோன் கட்டணம் செலுத்த மனமிருந்தால். 2005 பொங்கலன்று பி.எஸ்.என்.எல். நாட்டில் தொடங்கிய பிராட்பேண்டின் ஆரம்ப வேகம் 256 கிலோபிட் என்பதை நினைத்தால், அந்த 128-க்கு இருந்த மவுசு விளங்கும். அன்று பிணைப்பு சாத்தியமானதற்கு ஒரே காரணம், இரண்டு சேனல்களும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றாக இருந்ததுதான். இந்தப் பக்கம் பிரித்து அனுப்புவதை அந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ள ஒரு கை வேண்டும்; இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் இணைப்புக்கு அந்தக் கை எங்கிருந்து வரும்? ஒரு கம்பெனி மற்றொன்றின் பொட்டலங்களை எதிர்பார்த்துக் காத்திருக்க யாதொரு முகாந்திரமும் இல்லை.

சேர்க்கும் கை கிடைத்தாலும் வரிசை என்ற சிக்கல் இருக்கிறது. முடிச்சூரிலிருந்து மாம்பலத்துக் கல்யாண மண்டபத்துக்குப் புறப்படும் குடும்பத்தில் பாதிப் பேர் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுகிறார்கள், மீதிப் பேர் வேனில் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரயில்காரர்கள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கலாம், ஆனால் தாலி இருக்கிற பை குரோம்பேட்டையில் நிற்கிற வேனில் இருந்தால் முகூர்த்தம் வேனுக்காகவே காத்திருக்கும். இன்டர்நெட்டில் நிலைமை இன்னும் மோசம். பெறுகிறவன் வரிசையில் விட்டுப்போன பொட்டலத்தைக் குறித்து ஒரே ரசீதை மூன்று தடவை திருப்பி அனுப்பினால், அனுப்புகிறவன் அது காணாமற் போய்விட்டதென்று முடிவு கட்டி, பழைய சம்பிரதாயப்படி தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறான். தாமதமாக வந்ததற்கும் தொலைந்து போனதற்கும் வேற்றுமை தெரியாத இந்த ஜாக்கிரதையின் பயனாக, குணத்தில் ஒவ்வாத இரண்டு வழிகளை விவேகமின்றிச் சேர்த்தால், இரண்டில் நல்லது ஒன்று மட்டும் தந்திருக்கக் கூடிய வேகத்தையும் விடக் குறைவாகக் கிடைப்பது உண்டு.

நிபுணர்கள் இதற்கும் மார்க்கம் கண்டிருக்கிறார்கள். 'மல்டிபாத் டி.சி.பி.' என்ற அந்த முறை 2013 ஜனவரியில் பரீட்சார்த்த விதியாக வெளிவந்தது. அவ்வருஷமே பெல்ஜியத்தில் லூவேன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், இரண்டு சர்வர்களுக்கு நடுவே பத்து பத்து கிகாபிட் கொண்ட ஆறு இணைப்புகளைப் பூட்டி, ஒரே உரையாடலில் 51.8 கிகாபிட் ஓட்டிக் காட்டினார்கள். ஆறும் ஒரே ஜாதி, இரு முனையும் ஒரே கை. செம்பாக்கத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி தன் ஐ.ஓ.எஸ். 7-இல் சிரி என்ற உதவியாளுக்கு இதைப் பயன்படுத்தியது. வைஃபை நழுவினாலும் மொபைல் டேட்டாவில் பேச்சு தொடர வேண்டும் என்பதற்காக. வேகத்துக்காக அல்லாமல் தொடர்ச்சிக்காக என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 முதல் அதன் கருவிலேயே இது இடம்பெற்றுவிட்டது. ஆயினும் மறுமுனையில் இருக்கிற தளமும் இதை அறிந்திருக்க வேண்டும்; பெரும்பாலானவை அறியா. ஆகவே இரண்டு இணைப்புக்கும் பொதுவாக, மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்து, எல்லாவற்றையும் அங்கே அனுப்பிச் சேர்த்துப் பிறகு உலகத்துக்கு விடும் சேவைகள் விற்பனைக்கு இருக்கின்றன. சிறுசேரி டேட்டா சென்டரில் இருக்கிற ஒரு பக்கத்தைத் தாம்பரத்தில் இருப்பவர் மும்பை வழியாகச் சுற்றிப் பார்ப்பார். கண்ணாடி இழையில் வெளிச்சம் விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால் அந்தச் சுற்று அவர் கண்ணுக்குத் தெரியாது, சந்தாக் கட்டணம் மட்டும் தெரியும்.

இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகு, போன மாதம் தமக்கு உண்மையில் என்ன கஷ்டம் நேர்ந்தது என்று அண்டை வீட்டுக்காரரைக் கேட்டேன். வேகம் போதவில்லை என்பதல்ல. மகள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு இணைப்பும் ஒரே நிமிஷத்தில் போய்விட்டன என்றார். வியாதி இன்னதென்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அதற்கு மருந்து கம்ப்யூட்டருக்குள் இல்லை. 1964-இல் ராண்ட் ஸ்தாபனத்து பால் பாரன், சில இடங்கள் அழிந்தாலும் செய்தி வேறு வழியில் போய்ச் சேரும் வலையைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி அறிக்கைகளுக்கு ஆதாரமே, வழிகள் பல என்பதோடு, அவை ஒரே அடியில் அறுபடாதவையாக இருக்க வேண்டும் என்பதுதான். எங்கள் தெருவில் அந்த நிபந்தனையை எலெக்ட்ரிக் கம்பம் நிறைவேற்றவிடுவதில்லை.

எங்கள் பக்கத்துக் கம்பம் ஒன்றை அண்ணாந்து பாருங்கள். மின்கம்பிக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு மேலே, கறுப்பு ஃபைபர் கேபிள்கள் வளையம் வளையமாகச் சுருட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். போட்டிக் கம்பெனிகள் நான்கினுடையவை ஒரே கட்டுக் கம்பியால் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். உயரமாக மூடிய குப்பை லாரி ஒன்று திரும்பும்போது இழுத்தால் போதும், வேப்பங்கிளை ஒன்று முறிந்தால் போதும், வடிகால் தோண்ட வந்த ஜே.சி.பி. கம்பத்தில் சாய்ந்தால் போதும், நாலு கம்பெனியும் சமரசமாக அறுந்து விழும். அன்றும் அப்படித்தான். உள்ளூர்க் கேபிள்காரரின் பையன் முதலில் அண்டை வீட்டு மாமியைப் போனில் விசாரித்தான்.

"மாமி, மோடத்துல எல்.ஓ.எஸ்.ஸுன்னு போட்ட இடத்துல சிவப்பு லைட் விட்டுவிட்டு எரியுதா?"

"எரியறதுப்பா."

"அப்ப ஃபைபர் கட்டு மாமி. வரேன்."

பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்தவன் ஏறி இறங்கி, தரையில் உட்கார்ந்து, மேலுறையை உரித்து, உள்ளிருந்த கண்ணாடி இழையை ஸ்பிரிட்டில் நனைத்த துண்டால் துடைத்து, ஒரு சிறு கத்திப் பெட்டியில் வைத்துச் செங்குத்தாக முறித்தான். உறை நீங்கிய அந்த இழை 125 மைக்ரான் கனம். அதன் நடுவில் வெளிச்சம் ஓடுகிற பகுதி சுமார் ஒன்பது மைக்ரான். ஸ்ப்ளைஸிங் மெஷினின் சின்னத் திரையில் இரண்டு முனைகளும் பூதாகாரமாகத் தோன்றி, ஒன்றையொன்று நெருங்கி, மின்பொறி ஒன்றில் உருகி ஒன்றாயின. நான் கண்ட சேர்க்கைகளில் சந்தேகத்துக்கு இடமில்லாதது அது ஒன்றுதான். முடித்துவிட்டு, "சார், உங்க இன்னொரு லைனையும் பார்த்துடறேன்" என்று அவன் சொன்னபோதுதான், பெரிய கம்பெனியின் இணைப்பையும் இந்தத் தெருவில் பராமரிப்பவன் அவனே என்பது வெளிப்பட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை; பி.எஸ்.என்.எல்.லின் ஃபைபர் இணைப்பே பல இடங்களில் உள்ளூர்க் கேபிள்காரர்களைக் கூட்டாளிகளாகக் கொண்டு வீடு சேர்கிறது.

இந்தப் பிரதேசத்தின் ஆபத்துகள் மொத்த வியாபாரமாகவே வருகிறவை. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியபோது, எந்தக் கம்பெனி என்ற பேதம் தண்ணீருக்கு இல்லை. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் மரங்களோடு கம்பங்களும் சாய்ந்தன; அதற்கு மேல், கடலடிக் கேபிள் ஒன்றும் பழுதடைந்திருப்பதாக ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்கும்படி ஆயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து மின்சாரம் போனபோது மொபைல் கோபுரங்களும் பல இடங்களில் மௌனமாயின. கோபுரத்துக்கும் பேட்டரி உண்டு, டீசல் உண்டு, ஆனால் டீசல் கொண்டுவரும் வண்டிக்குச் சாலை வேண்டுமே.

ஆகவே இரண்டாவது இணைப்பு வாங்குகிறவர் வேகத்தையும் விலையையும் கேட்பதற்கு முன், கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது, எந்தக் கம்பத்தில் ஏறுகிறது, வீடுவரை ஃபைபரா அல்லது தெருவில் ஒரு ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து லான் கம்பியா என்று கேட்பது உசிதம். ஃபைபரில் வெளிச்சத்தைப் பல வீடுகளுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். தெருவில் வைத்த ஸ்விட்ச், யாருடைய வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறதோ அந்த வீட்டில் பியூஸ் போனால் தானும் போய்விடும். இந்தக் கேள்விகளுக்கு விற்பனைக்காரருக்கு விடை தெரியாது, ஏணி கொண்டுவரும் பையனுக்குத் தெரியும். எல்லாம் ஒரே கம்பம் என்று அவன் சொன்னால், ஒரு ஃபைபரை விட்டுவிட்டு, ஜியோ 2023 செப்டம்பரில் சென்னையிலும் தொடங்கிய ஏர்ஃபைபர் போன்ற, மாடியில் பெட்டி வைத்து அலையில் வாங்குகிற இணைப்பை எடுப்பதே மேல்; கோபுரத்தின் பின்னாலும் ஒரு ஃபைபர் உண்டுதான், ஆனால் அது நம் தெருவின் வேப்பமரத்துக்குக் கட்டுப்பட்டதாக இராது.

அண்டை வீட்டுக்காரர் அப்படியே செய்துவிட்டார். 'டூயல் வான்' ரவுட்டரும் வந்துவிட்டது. அதைப் பங்கிட விடாமல், ஒன்று செத்தால் மற்றதற்கு மாறும்படி மட்டும் வைத்திருக்கிறார். வெளியே ஒரு முகவரிக்குச் சில விநாடிகளுக்கு ஒருமுறை குரல் கொடுத்து, பதில் வராவிட்டால் அது வழியை மாற்றிக்கொள்ளும். கூட்டம் ஒரு கணம் அறுந்து ஒட்டும், அவ்வளவே. இனி மின்சாரம் போகிற வேளைக்கு ரவுட்டர்களையும் ஃபைபர் பெட்டியையும் தாங்குகிற சிறு யு.பி.எஸ். ஏற்பாடு ஒன்றுதான் பாக்கி. ஐப்பசி பிறப்பதற்குள் வாங்கிவிடும்படி சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே யு.பி.எஸ். போதாதா என்று கேட்கிறார்.